முதுமையிலும் கண்ணொளி காப்போம்

பால்மரம் சீவுவோருக்குக் கையைப் போலவே கண்ணும் இன்றியமையாத கருவியாகும். பொழுது புலருமுன் நெற்றி விளக்கின் ஒளியில் பட்டையை மெல்லியதாகச் சீவவேண்டும். உளி சற்று ஆழமாக இறங்கினாலும் மரத்தில் காயம் விழுந்துவிடும். வயது ஐம்பதைக் கடந்ததும் காயங்கள் மிகுவதைக் காணும் நம்மவர் சிலர், "வயதாகிவிட்டது, இனிக் கண் மங்கத்தான் செய்யும்" என்று கூறி வாளாவிருந்து விடுகின்றனர். இவ்வெண்ணத்தை நாம் முதலில் களைய வேண்டும்.

மங்குவதன் காரணங்கள்

நாற்பது வயதையொட்டி அருகிலுள்ள எழுத்துகள் தெளிவின்றித் தோன்றுவது எல்லாருக்கும் இயல்பு. தக்க மூக்குக்கண்ணாடி அணிந்தால் இக்குறை நீங்கும்.

கண்புரை வேறு. கண்ணினுள் பளிங்குபோல் இருக்கும் வில்லை கலங்கி, பார்வையைப் பனிமூட்டம்போல் மறைக்கிறது. நம் நாட்டில் 50 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களிடையே 2014-ஆம் ஆண்டு நடத்தப்பட்ட தேசியக் கண் ஆய்வில், பார்வையிழந்தோருள் பாதிக்கு மேற்பட்டோர் சிகிச்சை பெறாத கண்புரையாலேயே அதனை இழந்தனர் எனத் தெரியவந்தது. புரையைக் கரைக்கும் கீரையோ சொட்டு மருந்தோ இல்லை. கலங்கிய வில்லையை அகற்றிச் செயற்கை வில்லை பொருத்தும் அறுவைச் சிகிச்சையே அதற்கு வழி. தாய்ப்பாலையும் இலைச்சாற்றையும் கண்ணில் விடுவது புண்ணையே உண்டாக்கும்.

ஓசையின்றிப் பார்வையைப் பறிப்பவை இரண்டு. ஒன்று, கண் அழுத்த நோய். இது பெரும்பாலும் வலியின்றி வந்து பக்கப் பார்வையை முதலில் குறைக்கும். மற்றொன்று, நீரிழிவினால் விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பழுதடைவது. கண் அழுத்த நோயால் இழந்த பார்வை மீளாது. நீரிழிவினால் வரும் கேட்டையும் தொடக்கத்தில் கண்டால்தான் தடுப்பது எளிது.

உணவும் பழக்கமும்

வீட்டுக் கொல்லையில் வளரும் முருங்கைக் கீரை, பசளைக் கீரை, பப்பாளி, பரங்கிக்காய் ஆகியவை கண்ணுக்கு நலந்தரும் சத்துகள் நிறைந்தவை. கீரையைச் சிறிது எண்ணெய் சேர்த்துச் சமைத்தால் அச்சத்து உடலில் நன்கு சேரும். மீனும் முட்டையும் உடன் இருத்தல் நன்று. கட்டிப்பாலும் சீனியும் மிகுந்த தேநீரைக் குறைத்துக் கொள்வது, நீரிழிவைத் தடுப்பதற்கும் கட்டுப்படுத்துவதற்கும் துணைபுரியும். புகைபிடித்தல் கண்புரையையும் விழித்திரைத் தேய்வையும் விரைவுபடுத்துவதால் அதனை அறவே விடவேண்டும். வெயிலில் செல்லும்போது அகன்ற விளிம்புள்ள தொப்பி அணிதல் நல்லது.

நாம் செய்யவேண்டியது

ஒரு கண் மங்கினால் மறு கண் அக்குறையை மறைத்துவிடும். ஆகவே, அவ்வப்போது ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் தொலைவிலுள்ள மரத்தைப் பார்த்துச் சோதிப்போமாக. வேறுபாடு தெரிந்தால் தாமதமின்றி மருத்துவரைக் காணவேண்டும். நீரிழிவு உள்ளவர்கள், பார்வை தெளிவாக இருப்பினும், ஆண்டுதோறும் கண்ணைப் பரிசோதித்துக் கொள்வது கட்டாயம். குடும்பத்தில் எவருக்கேனும் கண் அழுத்த நோய் இருந்தால், மற்றவர்களும் சோதனை செய்துகொள்ள வேண்டும்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து பயனில்லை என்பர் பெரியோர். பார்வை இருக்கும்போதே அதனைப் பேணுவோம். பேரப்பிள்ளைகளின் முகத்தைத் தெளிவாகக் கண்டு மகிழ்வோம்.