துணிப்பையும் சமையல் பாத்திரம்தான்

2025 நவம்பர் 1 முதல் கடைகளில் பொலித்தீன் சொப்பிங் பைகளை இலவசமாகக் கொடுக்க முடியாது. பைக்கு விலை அறவிட்டு, அதனைப் பற்றுச்சீட்டிலும் காட்ட வேண்டும். இதனால் வீட்டிலிருந்தே பை கொண்டு சந்தைக்குப் போகும் பழக்கம் மெல்லத் திரும்பி வருகின்றது. 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நினைத்தால், இது வரவேற்கப்பட வேண்டிய மாற்றம். ஆனால் ஒரு கேள்வி இருக்கின்றது. நாங்கள் திரும்பத் திரும்பப் பாவிக்கும் அந்தப் பையைக் கடைசியாக எப்போது கழுவினோம்?

பையை எறியாத சனங்கள் நாங்கள். ஓடும்போது கையில் அகப்பட்ட பைக்குள்தான் அரிசியும் உடுப்பும் பிறப்புச் சான்றிதழும் ஒன்றாகக் கிடந்தன. அன்று வேறு வழி இருக்கவில்லை. இன்றும் எங்கள் வீடுகளில் கதவுக்குப் பின்னால் பத்துப் பைகள் தொங்குகின்றன. எறியாமல் வைத்திருப்பது நல்லது. கழுவாமல் வைத்திருப்பதுதான் வில்லங்கம்.

அமெரிக்காவின் கலிபோர்னியா, அரிசோனா மாநிலங்களில் 84 பைகளைப் பரிசோதித்த ஆய்வொன்று 2011இல் வெளியானது. பாதியளவு பைகளில் கோலிஃபோர்ம் வகைப் பக்ரீரியாக்களும், 8 வீதமானவற்றில் ஈ.கோலியும் இருந்தன. பை வைத்திருந்தவர்களில் பெரும்பாலானோர் அதனை ஒருபோதும் கழுவியதில்லை. இந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது பிளாஸ்டிக் உற்பத்தியாளர்கள் சார்ந்த இரசாயனத்துறை அமைப்பு என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் துணிப்பைக்கு ஆதரவான செய்தியும் அதே ஆய்வில்தான் இருக்கின்றது. கையாலோ இயந்திரத்தாலோ கழுவியபோது 99.9 வீதத்துக்கும் மேலான பக்ரீரியாக்கள் போய்விட்டன. எனவே பொலித்தீனுக்குத் திரும்பத் தேவையில்லை. கழுவினால் போதும்.

கிருமி பைக்குள் வருவது பெரும்பாலும் மீன், இறைச்சி, கோழி ஆகியவற்றிலிருந்து வடியும் நீரால்தான். அந்த நீர் தையல் இடுக்குகளில் ஊறி நிற்கும். எங்கள் வெயிலில், ஈரமான பைக்குள் பக்ரீரியா இருபது நிமிடத்துக்கொரு முறை இரட்டிக்கக்கூடும். அடுத்த நாள் அதே பையில் தக்காளி, வெள்ளரிக்காய், பாண் வாங்கினால், அவற்றைச் சமைக்காமலே உண்கின்றோம். அங்கேதான் ஆபத்து.

எங்கள் பழைய ஆட்கள் இதனை அறிந்திருந்தார்கள். என் அம்மம்மாவின் வீட்டில் மீனுக்கு உமல் வேறு, மரக்கறிக்குக் கடகம் வேறு. ஒன்றை மற்றதற்கு எடுக்க விடமாட்டா. அந்த ஒழுங்கையே துணிப்பைக்கும் கொண்டு வரலாம். மீன், இறைச்சிக்கு ஒரு நிறப் பை. மற்றவற்றுக்கு வேறு நிறப் பை. மீனை மூடியுள்ள வாளியிலோ பெட்டியிலோ வாங்கினால் இன்னும் நல்லது.

கழுவும் முறை இலகுவானது. பையை உட்புறம் வெளியே வரும்படி புரட்டி, சவர்க்காரம் போட்டு, தையல்களையும் கைப்பிடியையும் தேய்த்துக் கழுவுங்கள். பருத்தித் துணியென்றால் சுடுநீர் பாவிக்கலாம். மீன் பையை ஒவ்வொரு முறையும், மரக்கறிப் பையைக் கிழமைக்கொரு முறையாவது கழுவ வேண்டும். மீன் பையை உடுப்புகளோடு சேர்த்து ஊறவைக்க வேண்டாம். பனையோலைப் பையை நீரில் ஊறவிடாமல், ஈரத்துணியால் துடைத்து உடனே காயவிடுங்கள். இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். எதுவானாலும் நல்ல வெயிலில் முற்றாகக் காய்ந்த பின்னரே மடிக்க வேண்டும்.

வைக்கும் இடமும் முக்கியம். 2010இல் ஒரிகன் மாநிலச் சிறுமிகளின் உதைபந்தாட்ட அணியில் பலருக்கு வாந்தியும் வயிற்றோட்டமும் வந்தது. நோயுற்ற ஒரு சிறுமி பாவித்த குளியலறையில் இருந்த பைதான் நொரோவைரஸைக் காவிச் சென்றது. அதற்குள் இருந்த தின்பண்டங்களை மற்றவர்கள் சாப்பிட்டிருந்தார்கள். ஆகவே மலசலகூடத்துக்கு அருகிலோ, எலி ஓடும் மூலையிலோ, செருப்பு வைக்கும் இடத்திலோ உணவுப் பையை வைக்காதீர்கள். உயரத்தில் கொழுவி விடுங்கள்.

வன்னியிலும் மற்ற விவசாயக் கிராமங்களிலும் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். உரமும் பயிருக்கு அடிக்கும் மருந்தும் வந்த பைகள் உறுதியானவை என்பதால் அவற்றை எறிய மனம் வராது. அவற்றில் அரிசி, மா, மரக்கறி போட வேண்டாம். கழுவினாலும் உணவுக்கு ஆகாது. மண் அள்ளவோ விறகு கட்டவோ வைத்திருங்கள்.

நாட்கூலிக்குப் போகும் வீட்டில் ஒரு வயிற்றோட்டம் என்பது இரண்டு மூன்று நாள் உழைப்பு. சிறு பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும், வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் சிறுநீரக நோயோடு வாழ்பவர்களுக்கும் உடலில் நீர் வற்றுவது அதனிலும் பெரிய ஆபத்து. சோறு சமைத்த பானையைக் கழுவாமல் மறுநாள் உலை வைப்பதில்லை. அந்த அரிசி வந்த பைக்கும் அதே கவனம் தேவை.