அறந்தாங்கி வணிக மையமும் சரக்கு வரத்துக் காலமும்

ஒரு வணிக ஊர் சரக்குப் பெயர்வு மையமாக வளர்வதற்குச் சாலை, இருப்புப்பாதை, கிடங்கு ஆகியவை வேண்டும் என்பது பொதுவாக முன்வைக்கப்படும் கருத்து. (இத்துறையைத் 'தளவாடம்' என வழங்குவர், கருவியையும் தட்டுமுட்டுப் பொருளையும் குறிக்கும் அச்சொல்லைவிடச் 'சரக்குப் பெயர்வு' என்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது.) புதுக்கோட்டை மாவட்டத்தின் அறந்தாங்கியைப் பொறுத்தவரை, சரக்கு எப்போது வருகிறது என்னும் வினா இவற்றுக்கும் முற்பட்டது.

தஞ்சாவூர் ஜில்லா போர்டு தனி வரி தண்டி அமைத்த மாயவரம்–முத்துப்பேட்டை இருப்புப்பாதை 1894இல் திறக்கப்பட்டது. அது 1903இல் அறந்தாங்கியை எட்டியது. காரைக்குடிக்கு நீண்டது 1952இல்தான். இடைப்பட்ட அரை நூற்றாண்டு அறந்தாங்கி பாதையின் கடைக்கோடி நிலையமாக இருந்தது. கடைக்கோடியில் எல்லாச் சரக்கும் இறங்கி வண்டி மாறியே ஆக வேண்டும். மண்டியும் கிட்டங்கியும் தரகும் சுமைகூலியும் வேர்கொள்வது இத்தகைய இடங்களில்தான். பாதை நீண்டபின் இக்கட்டாயம் நீங்கியது. அகலப்பாதைப் பணிக்காக 2012இல் நிறுத்தப்பட்ட ரயில் 2018இல் மீண்டும் ஓடத் தொடங்கும்வரை சரக்கு முழுவதும் லாரியையே நம்பியிருந்தது.

இன்று இவ்வட்டாரத்தின் சரக்குகளில் நெல், மீன், தேங்காய் ஆகிய மூன்றும் குறிப்பிடத்தக்கவை. மேட்டூர் அணையுடன் 1934இல் பயன்பாட்டிற்கு வந்த கல்லணைக் கால்வாயின் கடைமடைப் பகுதி இது. தண்ணீர் தாமதமாக வந்து சேர்வதால் சம்பா ஒருபோகமே பெரும்பான்மை. எனவே நெல் தை, மாசியில் ஒருசேரக் குவிகிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையங்கள் 17 விழுக்காடு ஈரப்பதத்தை வரம்பாகக் கொண்டு 40 கிலோ மூட்டைகளாகக் கொள்முதல் செய்கின்றன. லாரி வராத நாட்களில் மூட்டைகள் திறந்த வெளியில் கிடக்கின்றன. ஆண்டின் எஞ்சிய மாதங்களில் அதே லாரிகளுக்கு நெற்சுமை இல்லை.

மீனின் தாளம் வேறு. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் துறைகளிலிருந்து விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாட்களே கடலுக்குச் செல்கின்றன. ஏனைய நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு உரியவை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் தடைக்காலம். பனிக்கட்டி ஆலை ஓடாத நாளிலும் மின் இணைப்பின் நிலைக்கட்டணம் ஓடும். மேலும், கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே செல்லும் மீன் வண்டி அறந்தாங்கியைத் தொட வேண்டியதில்லை. கடற்கரை அருகிலிருப்பதாலேயே ஊர் மீன் வணிக மையமாகிவிடும் என்று கருதுவது மிகை.

தேங்காயே இங்குச் சீரான சுமை. ஏறத்தாழ 45 முதல் 60 நாட்களுக்கு ஒரு முறை ஆண்டு முழுவதும் வெட்டு நடைபெறும். மீன் ஏற்றும் காப்புப்பெட்டி வண்டி நெல்லுக்கு உதவாது. நெல் ஏற்றும் திறந்த லாரியோ தேங்காய்க்கும் உதவும். அறுவடை முடிந்த லாரிக்கு மற்ற மாதங்களில் தொழில் தரக்கூடியது தென்னை. 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல் தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது, உழவர் வருவாயோடு இந்தச் சமநிலையும் சாய்ந்தது. புயல் சேதக் கணக்குகள் மரங்களை எண்ணின. சுமையிழந்த வண்டியும் சுமைதூக்குவோரின் வேலைநாளும் அவற்றில் எளிதில் இடம்பெறுவதில்லை. நெட்டை இரகக் கன்று காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகும் என்பதால் இழப்பும் அவ்வளவு காலம் நீள்கிறது.

இருப்புப்பாதையின் பயனையும் இக்கோணத்திலேயே மதிப்பிட வேண்டும். ஒரு முழுச் சரக்கு ரயிலை நிரப்ப ஏறத்தாழ 2,500 டன், அதாவது 62,500 நெல் மூட்டைகள் தேவை. அவற்றை ஓரிடத்தில் நனையாமல் சேர்த்து வைக்கும் கூரை இல்லாதவரை, ரயில் நின்று செல்லும் ஊர் சரக்கேற்றும் ஊராக ஆவதில்லை. கிடங்கு சரக்கைக் காப்பதோடு வரத்தின் காலத்தையும் நீட்டுகிறது. ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் விளைபொருளை இருப்பு வைத்துப் பெறும் பொருளீட்டுக் கடன் இவ்வகையில் சரக்குப் பெயர்வுக்கான கருவியுமாகும்: மாசியிலேயே விற்றாக வேண்டிய நெருக்கடி தளர்ந்தால், நெல் வைகாசியிலும் ஆனியிலும் லாரி ஏறும். ஆனால் ஈர நெல் கிடங்கில் தாங்காது. ஆதலால் கிடங்குக்கு முன்னதாக உலர்களமும் உலர்த்தும் இயந்திரமும் அமைய வேண்டும்.