அலைவாய்க் கரையின் காலா மீன்

அலை புரண்டு மணலைக் கலக்கும் கரையோர நீரில் என்ன இருந்துவிடப் போகிறது என்று நானும் ஒருகாலத்தில் எண்ணியதுண்டு. கரைவலை இழுத்தோர் ஒருநாள் காட்டிய காலா மீன் அவ்வெண்ணத்தை மாற்றியது.

அம்மீனின் மார்புத் துடுப்புக்குக் கீழே நூல்போன்ற தனி இழைகளை எண்ணினேன். பக்கத்திற்கு 4 இருந்தன. கலங்கல் நீரில் கண் எட்டாதபோது, அவ்விழைகளால் தடவி உணர்ந்தே காலா இரை தேடுகிறது. கண்களையோ கொழுப்புப் படலம் ஒன்று மூடிக் காக்கிறது. பாரசீக வளைகுடா முதல் வட ஆஸ்திரேலியா வரை, ஆழமற்ற சேற்றுக் கரைகளிலும் கழிமுகங்களிலும் இது திரிகிறது. இறாலும் சிறு மீன்களும் இதன் உணவு. தூண்டிலில் சிக்கினால் எளிதில் அடங்காது போராடும்; ஆதலின் தூண்டிற்காரர்க்கு இதன்மேல் தனி விருப்பம்.

எல்லாவற்றினும் பெரிய வியப்பு ஒன்றுண்டு. காலா முதலில் ஆணாக முதிர்ந்து, மேலும் வளர்ந்தபின் பெண்ணாக மாறுகிறது! எனவே பெரிய மீன்கள் பெரும்பாலும் தாய்மீன்களே. பெரியவற்றையே தேடிப் பிடித்தால் முட்டையிடத் தாய் இராது. சிறியவற்றை வாரியெடுத்தால் நாளைய தாய் தோன்றாது. எவ்வளவு பிடிக்கலாம் என்பதோடு, எந்த அளவு மீனைப் பிடிக்கலாம் என்பதையும் ஆராய்வது அதனாலன்றோ? சந்தையில் காலாவைக் காணும்போது, அவ்விழைகளை எண்ணிப் பாருங்கள். இந்தக் கேள்வியையும் எண்ணிப் பாருங்கள்.