ஒட்டேடும் குழந்தை வளர்ச்சியும்

படங்கள், உலர்ந்த இலைகள், பறவை இறகுகள், பயணச் சீட்டுகள் முதலியவற்றைத் தாள்களில் ஒட்டித் தொகுக்கும் ஏடு ஒட்டேடு எனப்படும். டென்மார்க்கு நாட்டுக் கதாசிரியர் ஹான்ஸ் கிறிஸ்டியன் அண்டர்சன், 1859ஆம் ஆண்டில், கிறிஸ்டீனே என்னும் சிறுமிக்கென அவளுடைய பாட்டனாருடன் சேர்ந்து இத்தகைய ஏடொன்றை ஆக்கினார். அதனை ஆக்கியோர் முதியோர், பெற்றவள் குழந்தை. எனினும், குழந்தையே தன் கையால் ஆக்கும்போதுதான் ஒட்டேட்டின் கல்விப்பயன் நிறைவுறுகின்றது.

கத்தரிக்கோலைக் கையாளுங்கால் விரல்கள் உறுதிபெறுகின்றன. கண்ணும் கையும் இசைந்து தொழிற்படப் பழகுகின்றன. எதனை எதனோடு சேர்ப்பது என ஆராயுங்கால் ஒப்புமையும் வேற்றுமையும் புலனாகின்றன. பூவரசிலையையும், ஈர்க்கோடு கூடிய வேப்பிலையையும் அருகருகே ஒட்டிய பிள்ளைக்குத் தனியிலை, கூட்டிலை என்னும் வேறுபாட்டைப் பின்னர் விளக்குதல் எளிது.

இவற்றினும் சிறந்தது உரையாடல். “இது எங்கே கிடைத்தது? அன்று என்ன நிகழ்ந்தது?” எனப் பெற்றோர் வினவ, குழந்தை நினைவுகூர்ந்து நிரல்படக் கூறுகின்றது. இவ்வாறு விரிவாக உரையாடும் பெற்றோரின் பிள்ளைகள், கடந்தவற்றைத் தெளிவாக எடுத்துரைக்கும் ஆற்றலிற் சிறந்து விளங்குதலை உளநூலார் கண்டுள்ளனர்.

அழகு கருதிக் கத்தரிக்கோலைப் பறித்துக்கொள்ளும் முதியோர் இப்பயன்களையும் உடன் பறித்துவிடுகின்றனர். கோணலாக ஒட்டிய படம் கோணலாகவே இருக்கட்டும்; அவ்வேடு குழந்தையினுடையது.