ஒன்றேகால் பவுன் செய்யும் ரகளை!

"ஏண்டா அம்பி, கூடத்தில் தண்டவாளம் போட்டு ரயில் விடப் போகிறாயா?"

பக்கத்து வீட்டு மாமியின் குரல் கேட்டு எட்டிப் பார்த்தேன். பழைய கார் ஒன்றைப் பிரித்து மாட்டிக்கொண்டிருக்கும் அவர் பிள்ளை, இரண்டு எஃகுச் சட்டங்களை இணையாக நிறுத்தி, ரசமட்டம் வைத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் என்ஜினின் 'பிளைவீல்' என்னும் கனத்த சக்கரம்.

"ரயில் இல்லை அம்மா, தராசு!" என்றான்.

வாஸ்தவம்தான். சக்கரத்தின் மையத்திலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி, ஒரு பக்கத்தில் மட்டும் 10 கிராம், அதாவது ஒன்றேகால் பவுன் எடை, கூடுதலாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சும்மா நிற்கும்போது அது பரம சாது. நிமிஷத்துக்கு 3000 சுற்றுச் சுற்றும்போதோ, சுமார் 10 கிலோ பாரத்தின் பலத்தோடு வெளியே இழுக்கும்! விநாடிக்கு 50 தடவை நாலாபுறமும் இழுத்தால் பேரிங் தேயாதா, போல்ட்டு தளராதா? வேகம் இரு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்கு, 40 கிலோ!

இந்தக் கள்ளனைப் பிடிக்கும் வழி சுலபம். சக்கரத்தின் நடுத் துவாரத்தில் கச்சிதமாகப் பொருந்தும் நேரான அச்சைச் செருகிச் சட்டங்களின் மேல் வைக்க வேண்டும். கனத்த பக்கம் தானே உருண்டு அடியில் வந்து நிற்கும். அங்கே சாக்குக்கட்டியால் ஒரு கோடு. நேர் எதிரே, உச்சியில், கொஞ்சம் மெழுகு. எப்படித் திருப்பி விட்டாலும் சக்கரம் அப்படியே நிற்கும் வரை மெழுகைக் கூட்டிக் குறைக்கலாம். பிறகு மெழுகை நிறுத்துப் பார்த்து, கனத்த பக்கத்தில், மையத்திலிருந்து அதே தூரத்தில், அவ்வளவு எடை இரும்பைக் குடைந்து எடுத்தால் தீர்ந்தது.

குடைவதில்தான் ஆபத்து. கண்ட இடத்தில் ஆழமாகக் குடைந்த வார்ப்பிரும்புச் சக்கரம் ஓட்டத்தில் வெடித்துச் சிதறக்கூடும். அதனால் அம்பி கோடு போட்டதோடு நிறுத்திக்கொண்டு, மீதி வேலையை லேத் பட்டறைக்கு அனுப்பினான்.

கிராங்க் ஷாஃப்ட் போன்ற நீண்ட தண்டுக்கு இந்தத் தராசு போதாது. ஒரு முனையில் மேல்புறமும் மறு முனையில் கீழ்ப்புறமும் சம அளவு கனம் கூடியிருந்தால், சட்டத்தின் மேல் அசையாமல் நின்று நம்மை ஏமாற்றிவிடும். சுழலும்போதுதான் ஆட்டம் தெரியும். அதற்கு, சுழற்றியே பார்க்கும் இயந்திரம் வேண்டும்.

"நம் கூடத்து மின்விசிறியும் ஆடுகிறதே, அதற்கென்ன?" என்றார் மாமி.

"அதே சூட்சுமம்தான் அம்மா. முதலில் இறகுகளின் திருகுகளை இறுக்கிப் பார்க்கிறேன். அதற்கும் அடங்காவிட்டால், இறகில் ஒட்டுகிற சின்ன எடை கடையில் கிடைக்கும்."

"விசிறி இருக்கட்டும். முதலில் கூடத்தைக் காலி பண்ணு!"