ஆள் இருந்த காலமும் அமைப்பு வந்த காலமும்

மட்டக்களப்பில் பாடசாலை விளையாட்டைப் பற்றிப் பேச்செடுத்தால், தலை நரைத்தவர்கள் இரண்டு பாதர்மாரின் பெயரைச் சொல்லாமல் விடமாட்டார்கள். ஒருவர் ஹரல்ட் வெபர், மற்றவர் யூஜின் ஜோன் ஹேர்பேட். இருவரும் அமெரிக்காவிலிருந்து வந்த இயேசுசபைத் துறவிகள். நகரின் விளையாட்டரங்கு வெபரின் பெயரில் இருக்கிறது. ஹேர்பேட்டின் பெயரைக் கூடைப்பந்தாட்டக்காரர்கள் இன்னும் விடவில்லை. அவர் நினைவாகச் சுற்றுப்போட்டிகள் நடத்துகிறார்கள்.

ஹேர்பேட் பிறந்தது 1923-இல், லூசியானா மாநிலத்தின் ஜெனிங்ஸ் என்ற சிற்றூரில். 1948-இல் இலங்கைக்கு வந்தார். கிழக்கின் மறைப்பணியைப் பிரெஞ்சு இயேசுசபையினரிடமிருந்து அமெரிக்கர்கள் பொறுப்பேற்ற காலம் அது. மட்டக்களப்பு நகரின் புளியந்தீவில் 1873-இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரியிலும், திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியிலும் அவர் கூடைப்பந்தாட்ட அணிகளைப் பழக்கினார். வாவிக்கரைப் பிள்ளைகள் கொழும்புக் கல்லூரிகளை எதிர்த்து நின்று அகில இலங்கை மட்டத்தில் வென்றது அந்த நாட்களில்தான். இந்த ஊர் கூடைப்பந்துக்குப் பேர்போனதும் அப்படித்தான்.

அன்றைய பயிற்றுவிப்பாளருக்குப் பதவிப் பெயரும் கிடையாது, பயிற்றுவிப்புக்கென்று சம்பளமும் கிடையாது. பாடசாலைக்கு அருகிலேயே குடியிருப்பார். காலையில் பூசை, பிறகு வகுப்பு, வெயில் தாழ்ந்ததும் மைதானம். பையன் பயிற்சிக்கு வராவிட்டால் ஏன் வரவில்லை என்று அவருக்குத் தெரியும். வீட்டில் சோறில்லையா, அப்பா தோணியோடு கடலுக்குப் போய்விட்டாரா என்பதும் தெரியும். குடும்பமில்லாதவர் என்பதால் மாலை முழுவதும் மாணவர்களுடையது. ஓய்வூதியம், பதவி உயர்வு, ஊர் மாற்றம் எதையும் கணக்குப் பார்க்க வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை.

இன்று அந்த இடத்தில் இருப்பவர் உடற்கல்வி ஆசிரியர், மாணவர்களின் வாயில் ‘பி.ரி. சேர்’. டிப்ளோமா இருக்கிறது, நடுவர் பரீட்சைச் சான்றிதழ் இருக்கிறது, பை நிறையச் சுற்றறிக்கைகளும் இருக்கின்றன. வலயப் போட்டி, மாகாணப் போட்டி, தேசியப் போட்டி என்று ஆண்டு முழுக்க அட்டவணை. கூடைப்பந்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க அவரால் முடியாது. முதல் தவணையில் இல்ல விளையாட்டுப் போட்டி, பிறகு மெய்வல்லுநர், வலைப்பந்து, கரப்பந்து, எல்லே. வயதுப் பிரிவுப் படிவம், மருத்துவச் சான்று, போக்குவரத்துக்குப் பணம், பெற்றோரின் அனுமதிக் கடிதம் எல்லாம் அவர் தலையில்தான். அணி ஒன்றாகக் கூடி ஓடத் தொடங்கும் நேரத்தில் இடமாற்றக் கடிதம் வந்துவிடும்.

ஆட்டமும் பழைய ஆட்டமல்ல. ஹேர்பேட் பழக்கிய காலத்தின் பெரும்பகுதியில் கூடைப்பந்தாட்டத்துக்கு இரண்டு பாதிகள், பாதிக்கு இருபது நிமிடம். மூன்று புள்ளிக் கோடு சர்வதேச விதிகளுக்குள் வந்ததே 1984-இல்தான். அதுவரை எவ்வளவு தூரத்திலிருந்து எறிந்தாலும் இரண்டு புள்ளிதான். ஆகவே உயரமான பையனைக் கூடையடியில் நிறுத்தி அவனிடம் பந்தைச் சேர்ப்பதே பெரும்பாலான அணிகளின் திட்டம். 2000-இல் ஆட்டம் பத்து நிமிடக் கால்பகுதிகள் நான்காக மாறியது. பந்து கைக்கு வந்த 30 வினாடிக்குள் எறிய வேண்டும் என்றிருந்தது 24 வினாடியாகக் குறைந்தது. 2010-இல் மூன்று புள்ளிக் கோடு 6.25 மீற்றரிலிருந்து 6.75 மீற்றருக்குத் தள்ளிப் போனது. இன்றைய பையன் யூடியூபில் அமெரிக்க ஆட்டக்காரர் ஸ்டீபன் கறியைப் பார்த்துவிட்டு வந்து முதல் நாளே கோட்டுக்கு வெளியிலிருந்து எறிகிறான். அன்றைய பயிற்றுவிப்பாளர் ஆட்டம் எப்படி இருக்கும் என்றே தெரியாத பிள்ளைக்கு அதைக் காட்டிக் கொடுத்தார். இன்றையவருக்கு அதைவிடச் சிரமமான வேலை. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வந்த பிள்ளையை அடிப்படைக்கு இழுத்துவர வேண்டும்.

அந்த அடிப்படை எவ்வளவு மெதுவாகக் கைக்கு வரும் என்பதற்கு ஒன்றைச் சொன்னால் போதும். வலது கைப் பழக்கமுள்ள பையன் இடது பக்கமாக ஓடிவந்து கூடையடியில் பந்தைப் போட வேண்டும். முதலில் இடது கால், அடுத்தது வலது கால், அந்த வலது காலாலேயே எழும்பி, இடது கையால் பலகையின் சதுரத்தில் பந்தை மெல்ல வைக்க வேண்டும். எழுத ஒரு வரி. ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குக் காலும் கையும் ஒன்றோடொன்று சண்டை பிடிக்கும். பந்தில்லாமல் நடந்து, பிறகு ஓடி, பிறகு பந்தோடு, பிறகு எதிராளியை வைத்து என்று மாதக்கணக்காகச் செய்தால்தான் அது யோசிக்காமல் வரும். அதையும் ஒரே ஆள் கூடவே நின்று பார்த்துத் திருத்த வேண்டும். வருடத்துக்கொரு சேர் வந்தால், வருகிறவரெல்லாம் முதலிலிருந்து தொடங்குவார். பிள்ளை முதலாம் பாடத்திலேயே நிற்கும்.

ஹேர்பேட்டின் கதை மைதானத்தில் முடியவில்லை. பிற்காலத்தில் அவர் கிழக்குத் தொழில்நுட்ப நிறுவகத்தின் பணிப்பாளராக இருந்து இளைஞர்களுக்குத் தொழில் பழக்கினார். போர் மூண்டபின் காணாமற்போனவர்களுக்காகவும் கைதானவர்களுக்காகவும் குரல் கொடுத்த சமாதானக் குழுவில் சேர்ந்தார். 1990 ஓகஸ்ட், கிழக்கில் தமிழரும் முஸ்லிம்களும் பெருந்தொகையாகக் கொல்லப்பட்ட மாதம். 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஸ்கூட்டரில் புறப்பட்டார், கூட ஒரு தமிழ்ப் பையன். இருவரும் வந்து சேரவில்லை. என்ன நடந்தது என்பதற்கு இதுவரை பதிலில்லை. அவரோடு ஒரே காலத்தில் இலங்கைக்கு வந்து அவரைத் தேடி அலைந்த பாதர் பென் மில்லர், 2019-இன் முதல் நாளில் தமது 93ஆவது வயதில் மட்டக்களப்பிலேயே கண்மூடினார். அந்தத் தலைமுறை அதோடு போயிற்று.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று தூக்கி வைப்பதும் சரியல்ல. அன்று ஆட்டம் வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில், அதுவும் நகரத்துப் பெரிய கல்லூரிகள் சிலவற்றின் மதிலுக்குள்தான் இருந்தது. வாவியைத் தாண்டி மேற்கே படுவான்கரைப் பிள்ளைக்கு நல்ல மைதானமே எட்டாக் கனி. ஒரு துறவியின் தயவில் நின்ற பயிற்சி, அவர் ஊர் மாறினாலோ இல்லாமற் போனாலோ தடுமாறும். இன்று பெண்பிள்ளைகள் காற்சட்டை போட்டுக்கொண்டு ஆட வருவதை யாரும் நின்று வேடிக்கை பார்ப்பதில்லை. கிராமத்துப் பாடசாலையும் வலயப் போட்டிக்குப் படிவம் நிரப்பலாம். வெளிநாட்டிலிருக்கும் பழைய மாணவர்கள் பந்தும் பாதணியும் அனுப்புகிறார்கள். விளையாட்டு விரிந்திருக்கிறது, அதில் சந்தேகமில்லை. சுருங்கியது பயிற்றுவிப்பாளர் ஒரு பிள்ளையோடு நிற்கிற காலம். பிள்ளைக்கும் நேரமில்லை, இரண்டு மணிக்குப் பாடசாலை விட்டால் மூன்று மணிக்கு ரியூசன்.

ஹேர்பேட் விட்டுவந்த லூசியானாவில் கல்லூரிப் பயிற்றுவிப்பு இதற்குள் முழுநேரத் தொழிலாகிவிட்டது. ஜெனிங்ஸிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய லஃபயெற் நகரப் பல்கலைக்கழகத்தில், 1981-இல் இவெற் ஜிரார்ட் என்ற பெண்மணி சொஃப்ட்போல் அணியை முதன்முதலாகக் கட்டியெழுப்பினார். 2000 வரை அங்கேயே இருந்தார். பிறகு அதே மாநிலத்தின் எல்.எஸ்.யு. பல்கலைக்கழக அணிக்குத் தலைமைப் பயிற்றுவிப்பாளராகி 2011-இல் ஓய்வு பெற்றார். முப்பது ஆண்டுகள், இரண்டே அணிகள், 1,200-க்கும் மேற்பட்ட வெற்றிகள். ஒருவர் சம்பளமில்லாத துறவி, மற்றவர் சம்பளத்துக்குப் பணியாற்றியவர். இருவருக்கும் பொதுவானது, பிடித்த இடத்தை விடாமல் நின்றதுதான்.

துறவிகளை இனி எதிர்பார்க்க முடியாது. பயிற்றுவிப்பாளருக்கும் குடும்பமும் கடனும் உண்டு. சம்பளம் கேட்பது அவர் உரிமை. ஆனால் அமைப்பு ஒன்றைச் செய்யலாம். ஆறாம் ஆண்டில் பந்தைத் தொட்ட பிள்ளை உயர்தரம் எழுதி வெளியேற ஏழெட்டு வருடம். அந்த ஏழெட்டு வருடமும் அதே பிள்ளையின் அருகில் அதே ஆள் நிற்கிறாற்போல் ஒரு நியமனம் வேண்டும். இடமாற்றப் பட்டியல் தயாரிக்கும்போது பயிற்றுவிப்பாளரைப் பாடவேளையை வைத்து எண்ணாமல், நடுவழியில் விட்டுப்போகும் அணியை வைத்து எண்ண வேண்டும். அதற்குப் புதிய மண்டபமோ வெளிநாட்டுக் காசோ தேவையில்லை, வலயக் கல்வி அலுவலகத்தில் ஒரு கையொப்பம் போதும்.