கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு கடல்

1846-ஆம் ஆண்டு. இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையிலுள்ள டார்க்கி என்னும் ஊருக்குச் சென்றிருந்த அன்னா தின் என்ற பெண்மணி, கடலோரப் பாறைகளில் ஒட்டி வாழும் சிறு பவள உயிரிகளைக் கண்டார். அவற்றை உயிருடன் லண்டனுக்குக் கொண்டுசெல்ல அவருக்கு ஆசை. ஒரு பெரிய கடற்பஞ்சில் ஊசி நூலால் அவற்றைத் தைத்து நிறுத்தி, கடல்நீர் நிரப்பிய ஜாடியில் வைத்து எடுத்துச் சென்றார். லண்டனில் நாள்தோறும் புதிய கடல்நீருக்கு எங்கே போவது? இருந்த நீரையே திறந்த சன்னலருகில் வைத்து, ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொரு பாத்திரத்துக்கு அரை மணி, முக்கால் மணி நேரம் மாற்றி மாற்றி ஊற்றச் செய்தார். நம் ஊர் டீக்கடையில் தேநீர் ஆற்றுகிறார்களே, அதைப் போலத்தான். (ஆற்றியவர் அவர் அல்லர், வீட்டுப் பணிப்பெண் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) பவளங்கள் பிழைத்தன, பெருகவும் செய்தன. 1859-இல் இதைப்பற்றி அவர் ஓர் ஆய்வுக் கட்டுரையும் வெளியிட்டார்.

அந்த ஊற்றலில் நடந்தது என்ன? ஒரு லிட்டர் நன்னீர் 25 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். கடல்நீரோ 7 மில்லிகிராமுக்கும் குறைவாகவே கொள்ளும். நீர் மெல்லிய தாரையாக விழும்போது காற்றைத் தொடும் பரப்புப் பன்மடங்கு ஆகிறது. இழந்த ஆக்சிஜன் விரைவில் திரும்புகிறது. இன்று அந்த வேலையைச் சிறிய மின்விசைப் பம்பு செய்துவிடுகிறது. ஆகவே காற்றைப்பற்றி நாம் அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. நட்சத்திர மீனையும் பவளத்தையும் வீட்டுத் தொட்டியில் கொல்பவை பெரும்பாலும் வேறு சில.

கடலில் ஒரு நாள் வெயிலில் உப்பின் அளவோ வெப்பமோ எவ்வளவு மாறும்? கரையை விட்டுச் சற்று விலகினால், மிகச் சிறிதே. கோடிக்கணக்கான ஆண்டுகளாக இத்தகைய நிலையான நீரில் வாழ்ந்த உயிர்களுக்கு மாறுதலைத் தாங்கும் உறுப்புகள் அமையவில்லை. நாமோ அவற்றை நூறு லிட்டர் நீரில் விடுகிறோம். அங்கே எல்லாமே விரைந்து மாறுகின்றன.

உப்பின் கணக்கு

முதலில் உப்பை எடுத்துக்கொள்வோம். கடல்நீர் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உடையது. நூறு லிட்டர்த் தொட்டியில் மூன்றரைக் கிலோ. கோடையில் இரண்டே நாளில் மூன்று லிட்டர் நீர் ஆவியாகிவிடலாம். ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு முழுவதும் தொட்டியிலேயே தங்குகிறது. எஞ்சிய 97 லிட்டரில் அதே மூன்றரைக் கிலோ என்றால், லிட்டருக்கு 36 கிராமுக்குச் சற்று மேல். இப்போது குறைந்த மூன்று லிட்டரை எந்த நீரால் நிரப்புவீர்கள்? கடல் தொட்டிதானே என்று உப்புநீரை ஊற்றினால், ஒவ்வொரு முறையும் 105 கிராம் உப்பு கூடும். பத்து முறை ஊற்றிய பிறகு லிட்டருக்கு 45 கிராம்! உப்பில்லாத தூய நீரைத்தான் ஊற்ற வேண்டும். அதுவும் குளோரின் கலந்த குழாய் நீராக இருக்கக் கூடாது.

உப்பை அளக்கத் திரவமானி போதும். ஆனால் ஒரு நுட்பத்தை மறந்துவிடாதீர்கள். 25 பாகையில் கடல்நீரின் அடர்த்தி கன செ.மீ.-க்கு 1.023 கிராம். அதே நீர் 30 பாகைக்குச் சூடானால் விரிவடைந்து 1.022-க்கும் கீழே இறங்கும். இதை அறியாதவர் லிட்டருக்கு இரண்டு கிராம் உப்புக் குறைந்துவிட்டது என்று எண்ணி, இல்லாத குறைக்கு உப்பைக் கொட்டுவார். எனவே, திரவமானியுடன் வெப்பமானியும் பார்த்தே படிக்க வேண்டும்.

'தூத்துக்குடி உப்பு மலிவாகக் கிடைக்கிறதே, அதைக் கரைத்தால் கடல்நீர் ஆகாதா?' என்று என் மாணவர்கள் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. உப்பளத்தில் கடல்நீர் வற்றும்போது எல்லா உப்புகளும் ஒன்றாகப் படிவதில்லை. முதலில் சுண்ணாம்புச் சத்துள்ளவை, அதாவது கால்சியம் கார்பனேட்டும் ஜிப்சமும் பிரிந்து படிகின்றன. பிறகு சோறுப்பு படிகிறது. மக்னீசிய உப்புகள் கடைசியாக எஞ்சும் கசப்பு நீரில் நின்றுவிடுகின்றன. ஆகவே கையில் கிடைப்பது ஏறக்குறைய தனிச் சோடியம் குளோரைடு. பவளம் எலும்புக்கூடு கட்ட வேண்டிய கால்சியம் அதில் இல்லை. தொட்டிக்கென்று எல்லா உப்புகளையும் சேர்த்துத் தயாரித்த கலவைகளே ஏற்றவை.

உப்பு மாறினால் என்ன ஆகும்? நட்சத்திர மீன் பெயரில்தான் மீன். அது முட்தோலித் தொகுதியைச் சேர்ந்தது. மீனுக்கு உள்ளது போல் உப்பைச் சீர்செய்யும் சிறுநீரகமோ செவுள் அமைப்போ அதற்கு இல்லை. அதன் முதுகில் சல்லடை போன்ற ஒரு தட்டு உண்டு. அதன் வழியே கடல்நீருடன் தொடர்புகொண்ட நீர்க்குழல் மண்டலம் உடலெங்கும் பரவியிருக்கிறது. நூற்றுக்கணக்கான குழாய்க் கால்களை இயக்குவது அந்த நீரின் அழுத்தமே. உள்ளே இருக்கும் நீரும் வெளியே இருக்கும் நீரும் ஏறக்குறைய ஒரே உப்பு. கடல்நீரின் சவ்வூடு பரவல் அழுத்தம் ஏறத்தாழ 25 வளிமண்டல அழுத்தம் என்று கணக்கிடலாம். லிட்டருக்கு மூன்று கிராம் உப்புக் குறைந்த நீரில் திடீரென இந்த விலங்கை விட்டால், உள்ளுக்கும் வெளிக்கும் இடையே இரண்டு வளிமண்டல அளவு வேறுபாடு தோன்றும். ஒரு காரின் டயரில் அடைத்த காற்றின் அழுத்தம் அது! திசுக்களுக்குள் நீர் புகுந்து செல்கள் வீங்குகின்றன. சில நாட்களில் கைகளின் நுனி வெளுத்துக் கரையத் தொடங்கும். அதன்பின் காப்பாற்றுவது அரிது.

எனவே, புதிதாக வந்த நட்சத்திர மீனை வந்த நீருடனே ஒரு வாளியில் வைத்து, தொட்டி நீரை மெல்லிய குழாய் வழியே சொட்டுச் சொட்டாக இரண்டு, மூன்று மணி நேரம் விட வேண்டும். அழகாக இருக்கிறதே என்று நீருக்கு மேலே தூக்கிப் பார்ப்பதும் வேண்டாம்.

வெப்பமும் ஒளியும்

பவளத்துக்கு வருவோம். அன்னா தின் வளர்த்தவை குளிர்கடல் பவளங்கள். அவற்றுக்கு ஒளி ஒரு பொருட்டன்று. மன்னார் வளைகுடாவில் திட்டுகள் கட்டும் பவளங்கள் வேறு. இவற்றின் திசுக்களுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் பாசிகள் குடியிருக்கின்றன. பாசி ஒளிச்சேர்க்கை செய்து சர்க்கரை தருகிறது. பவளம் இருப்பிடமும் கழிவுச் சத்தும் தருகிறது. பவளத்தின் உணவில் பெரும்பகுதி இவ்வாறு உள்ளிருந்தே வருவதால், ஒளி குறைந்த அறையில் அது பட்டினி கிடக்கும். ஆழத்துக்குச் செல்லச் செல்லச் சிவப்பொளியை நீர் விழுங்கிவிடுகிறது, நீலம் எஞ்சுகிறது. இந்தப் பாசிகளும் நீல ஒளிக்குப் பழகியவை. பவளத் தொட்டிகளுக்கு மேலே நீலம் மிகுந்த எல்.இ.டி. விளக்குகளைப் பொருத்துவது வெறும் அழகுக்காக அன்று.

நீர் சூடேறினால் இந்தக் கூட்டுக் குடித்தனம் கலைகிறது. பவளம் தன் பாசிகளை வெளியேற்றி, எலும்புக்கூடு தெரியும்படி வெளிறிப் போகிறது. வழக்கமான கோடை வெப்பத்துக்கு மேல் ஒரே ஒரு பாகை சில வாரங்கள் நீடித்தாலே இது நிகழும். 2010-லும் 2016-லும் மன்னார் வளைகுடாவில் நிகழ்ந்தது இதுவே. தொட்டிக்கு 25 முதல் 27 பாகை ஏற்றது. நம் மே மாத அறையின் வெப்பமோ உங்களுக்குத் தெரியும்.

குளிர்விக்கும் இயந்திரம் விலை உயர்ந்தது. மண்பானை செய்யும் தந்திரத்தை நாமும் செய்யலாம். ஒரு லிட்டர் நீர் ஆவியாகச் சுமார் 580 கிலோ கலோரி உள்ளுறை வெப்பம் வேண்டும். நூறு லிட்டர் கடல்நீரை ஒரு பாகை குளிர்விக்க ஏறக்குறைய 100 கிலோ கலோரியை நீக்கினால் போதும். நீர்ப்பரப்பின்மேல் ஒரு சிறு மின்விசிறி வீசி அரை லிட்டரை ஆவியாக்கினால், மூன்று பாகை வரை இறங்க வேண்டும். அறையிலிருந்து வெப்பம் மீண்டும் புகுவதால் உண்மையில் குறைவாகவே இறங்கும். காற்றில் ஈரம் மிகுந்த கடற்கரை ஊர்களில் இன்னும் குறைவு. முன்பு சொன்ன உப்பின் கணக்கை இங்கே நினைவுகூருங்கள்: விசிறி ஓடும் தொட்டியில் நாள்தோறும் நன்னீர் விட்டே ஆக வேண்டும்.

பவளம் வளர்ந்தால் இன்னொரு கணக்கும் உண்டு. லிட்டருக்குச் சுமார் 410 மில்லிகிராம் வீதம் நூறு லிட்டர் கடல்நீரில் 41 கிராம் கால்சியம் இருக்கிறது. பத்துக் கிராம் எலும்புக்கூடு கட்டும் பவளம் நான்கு கிராமை எடுத்துவிடும். பத்தில் ஒரு பங்கு போயிற்று! இதை ஈடுசெய்ய, ஆவியான நீருக்குப் பதில் தெளிந்த சுண்ணாம்பு நீரையே சொட்டவிடும் முறை ஐரோப்பியத் தொட்டி ஆர்வலர்களிடையே நெடுநாள் வழக்கம். பள்ளிச் சோதனைச்சாலையில் மூச்சை ஊதிப் பால் நிறமாக்கினோமே, அதே நீர்தான். இது கடுங்காரம். ஒரே வீச்சில் ஊற்றினால் உயிர்கள் மாளும். இரவில், சொட்டுச் சொட்டாக மட்டுமே விட வேண்டும். கலப்பு என்னவென்று தெரியாத வெற்றிலைச் சுண்ணாம்பு இதற்கு உதவாது.

செம்புப் பாத்திரத்தில் வைத்த நீரையும் தொட்டியில் சேர்க்காதீர்கள். நமக்கு நல்லதென்று சொல்லப்படும் அந்தச் செம்பு, மிகச் சிறிய அளவிலேயே முதுகெலும்பற்ற கடலுயிர்களுக்கு நஞ்சு. மீன் நோய்க்குத் தரும் செம்பு கலந்த மருந்துகளும் அப்படியே. புதுத் தொட்டியில் உடனே உயிர்களை விடுவதும் தவறு. கழிவில் தோன்றும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பின் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் மணலிலும் கல்லிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும்.

பட்டினி

எல்லாம் சரியாக இருந்தும் சில மாதங்களில் நட்சத்திர மீன் மடிவதுண்டு. காரணம் பட்டினி. மீன் மெலிந்தால் கண்ணுக்குத் தெரியும். இதன் தோலுக்கடியில் சுண்ணாம்புத் தகடுகள் அடுக்கியிருப்பதால், உள்ளே வற்றினாலும் வெளியுருவம் நெடுநாள் மாறாது. கடைகளில் பலரும் விரும்பி வாங்கும் நீல நட்சத்திர மீன், பாறைகளில் படியும் நுண்ணுயிர்ப் படலத்தை மேய்வது. சிறு தொட்டியில் அந்தப் படலம் விரைவில் தீர்ந்துவிடும். இதை வாங்காமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. முதுகில் குமிழ்கள் கொண்ட வகைகள் இறால் துண்டு, சிப்பிச் சதை போன்றவற்றை உண்ணும். வயிற்றையே வாய் வழியே வெளியே தள்ளி இரையைச் செரிக்கும் காட்சியை வீட்டிலேயே காணலாம்! ஆனால் அதே வயிறு பவளத்தின் மீதும் படியும். ஆகவே அவற்றைப் பவளத்தோடு சேர்த்து வைக்க முடியாது. பவளத்துடன் குடியிருக்கத் தக்கவை, மீன்கள் சிந்திய துணுக்குகளைத் தின்று கல்லிடுக்கில் மறைந்து வாழும் நொறுங்கு நட்சத்திரங்களே.

பவளம் எங்கிருந்து வரும்? மண்டபம், இராமேசுவரம் பக்கம் போனால் எடுத்து வரலாமே என்று எண்ண வேண்டாம். திட்டு கட்டும் கல் பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன; புலிக்கு உள்ள பாதுகாப்பே அவற்றுக்கும். உயிருள்ளதை மட்டுமன்று, அலங்காரத்துக்கு விற்கும் உலர்ந்த துண்டை எடுப்பதும் விற்பதும் குற்றமே. இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. சுண்ணாம்புக்காகவும் கட்டடங்களுக்காகவும் தூத்துக்குடிக் கடலில் பல்லாண்டுகள் பவளம் வெட்டப்பட்டது. அலையைத் தடுத்து நின்ற திட்டு போனபின், 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரண்டு கடலுக்குள் மூழ்கிப்போயின.